ஓடாத வண்டி

என் அக்காவைப் பள்ளிக்கூடத்தில் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், இவள் பெஞ்சை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போயிருப்பாள். இப்போது ஐம்பதை நெருங்குகிறாள், இன்னமும் அப்படித்தான். டீயை நின்றுகொண்டே குடிப்பாள். செருப்பைக் கழற்றும்போதே அடுத்து எங்கே போவது என்று யோசிப்பாள். அவளோடு ஏதாவது பேச வேண்டுமென்றால் நாமும் கூடவே நடக்க வேண்டும். நான் அதற்கு நேர் எதிர். வாசலை ஒட்டிய அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, துணிக்கடைகள் அனுப்புகிற பேன்ட்டுகளை அளவு குறைத்து மடித்துத் தைக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். "உன்னை மாதிரி உட்கார்ந்தா எனக்கு மூச்சு நின்னுடும்டி" என்பாள் அவள். "உன்னை மாதிரி அலைஞ்சா எனக்கு முழங்கால் கழண்டுடும்" என்பேன் நான். இப்படித்தான் காலம் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு பேருமே ஊசியால் பிழைக்கிறவர்கள் என்பது ஒன்றுதான் எங்களுக்குள் இருக்கும் ஒற்றுமை. என் ஊசி துணியைக் குத்தும், அவள் ஊசி ஆளைக் குத்தும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற நர்ஸ் அவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைத்துவிட்டு, சர்க்கரைக்கு ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி, ரத்த அழுத்தம் பார்த்து, போகிற போக்கில் அந்த வீட்டு ஜன்னல் கீலுக்கு எண்ணெயும் போட்டுவிட்டு வருவாள். எண்ணெய் போடச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்காவது கிரீச்சென்று சத்தம் கேட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அவளுக்கு ஒரு புருஷன் இருந்தார். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் வெளியே போனார். போனவர் போனவர்தான். ஓடிப்போனவன் என்று ஊர் சொன்னது, நாங்களும் சொன்னோம். அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலை வேலைக்குப் போனாள். அப்புறம் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். அழுது நான் பார்த்ததில்லை. அழுவதற்கும் ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமே.

அப்படிப்பட்டவளிடம் போய், இனி நீ உட்கார்ந்துகொள் என்று சொன்னார்கள்.

அவளுடைய நிறுவனத்தில் மேற்பார்வை பார்க்கிற அம்மாவை எல்லாரும் மேடம் என்பார்கள். கெட்டவர் இல்லை. நர்ஸ்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போகிறது, ஊசி போடுகிற நேரத்துக்கு ஆள் வருவதில்லை என்று புகார்கள். அதனால் மாதம் பிறந்தால் புது ஏற்பாடு. சொந்தக் கார் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வீட்டுச் சுற்று. மற்றவர்கள் அலுவலகத்தில் போன் எடுக்கலாம், சம்பளம் அதேதான். "உனக்கும் கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கு. இனிமே உட்கார்ந்த இடத்துல வேலை. நல்லதுதானே?" என்று இவளிடம் அன்பாகவே சொல்லியிருக்கிறார்.

அக்கா வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றாள். "என்னை உட்கார வைக்கப் போறாங்கடி" என்றாள்.

"ஊர்ல அவனவன் உட்கார்ற வேலை கிடைக்காதான்னு தவம் கிடக்கிறான். உனக்கு வலிக்குதா?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் கொடுத்த டீயை நின்றுகொண்டுகூடக் குடிக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள், உடனே இறங்கினாள், மறுபடியும் ஏறினாள். தலைக்கு மேலே அவள் காலடிச் சத்தம் அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு பேன்ட்டின் கால் இன்னொரு காலைவிடக் குட்டையாகிவிட்டது.

கார் ஓட்ட அவள் போன வருடமே கற்றுக்கொண்டிருந்தாள். லைசன்ஸ் கிடைத்த கதை பெரிய கதை. ஓட்டுவதில் குறையே இல்லை, நிறுத்துவதில்தான். சிவப்பு விளக்கு பச்சை ஆவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். "அம்மா, வண்டி ஓட்டறதுல பாதி நிக்கிறதுதான்மா" என்று சொல்லிக்கொடுத்தவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். இரண்டு தடவை தோற்று அடுத்த தடவை வாங்கிவிட்டாள். அப்போது எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டவள் நான்தான். இப்போது வாயை மூடிக்கொண்டேன்.

லைசன்ஸ் இருக்கிறது, கார் இல்லை. உள்ளூரில் பழைய கார் விற்கிற இடமெல்லாம் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அலைந்தாள். விலை நன்றாக இருந்தால் வண்டி இருமியது, வண்டி நன்றாக இருந்தால் விலை கடித்தது. அலைந்து அலைந்து என் வீட்டுக்காரருக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் அசரவில்லை. போனில் தேட ஆரம்பித்தாள். பஸ்ஸில் தேடினாள், நடந்துகொண்டு தேடினாள், சாப்பிடும்போது ஒரு கையால் தேடினாள். கடைசியில் ஒரு படத்தைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார். ஒரே படம்தான். அதுவும் பக்கவாட்டில், நிழலில் நின்றுகொண்டிருந்தது, போட்டோ எடுக்கிறவனிடம் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தை மாதிரி. விற்கிறவர் இருப்பது எங்கேயோ தூரத்து ஊர். லாரியில் ஏற்றி அனுப்பினால் வந்து சேர இரண்டு நாள் ஆகும். விலை இங்கே கேட்டதில் பாதிகூட இல்லை.

"ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்க்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"போக வர நாலு நாள். அவ்வளவு நாள் லீவு யார் குடுப்பா மாப்பிள்ளை? கால்புண்காரருக்கு யார் கட்டு மாத்துவா?"

கால்புண்காரர் என்பது ஊரின் கடைசியில் தனியாக இருக்கிற ஒரு ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். சர்க்கரை நோயில் பாதத்தில் புண். வேறு எந்த நர்ஸ் போனாலும் காலை உள்ளே இழுத்துக்கொள்வாராம். இவள் போனால் மட்டும் நீட்டுவாராம். ரயிலுக்குக் கொடி காட்டிய மனுஷனுக்கு ரயில் மாதிரி வந்துபோகிற ஆளைத்தான் பிடிக்கும் போல.

"பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்வாங்க" என்றேன் நான்.

"பதறாம உட்கார்ந்திருந்தா மாசம் பொறந்துடும்" என்றாள்.

அப்புறம் அந்த வியாபாரியோடு போன் பேச்சு தொடங்கியது. முதல் நாள் அவர் இவளை மேடம் என்றார், இவள் அவரை சார் என்றாள். மறுநாள் அக்கா, தம்பி ஆகிவிட்டது. அதற்கப்புறம் காரைப் பற்றிய பேச்சு குறைந்துபோய், அவர் மனைவியின் கால் வீக்கத்தைப் பற்றிய பேச்சாக மாறியது. "உப்பைக் குறைக்கச் சொல்லு தம்பி. ராத்திரி காலுக்குக் கீழ ஒரு தலகாணி வை" என்று இவள் மாடிப்படியில் ஏறிக்கொண்டே வைத்தியம் சொல்கிறாள். பார்க்காத வண்டி, பார்க்காத ஆள், பார்க்காத கால். அந்தக் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்றைக்கு இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, காரே வந்துவிட்டது போல இருந்தது. எனக்கு எரிச்சல். போனில் ஒருவன் அக்கா என்று கூப்பிட்டால் அவன் தம்பியாகிவிடுவானா?

அந்த எரிச்சலில்தான், கடைசிப் பேச்சை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நானும் கேட்டேன், என் வீட்டுக்காரரும் கேட்டார். மூன்று பேர் ஆறு காதால் கேட்டோம் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

"அக்கா, ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்" என்றார் அந்த வியாபாரி. "மறைச்சு விக்கிற பழக்கம் நம்மகிட்ட கிடையாது. இது ஓடாத வண்டி. ஒரு டாக்டர் வீட்டு வண்டி. அவர் வெளிநாட்டுக்குப் பிள்ளைகிட்டப் போனதுக்கப்புறம் ஷெட்லயே நின்னுடுச்சு. அதான் இந்த விலை."

அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். "ஓடாததா? எனக்கு அதானே தம்பி வேணும்."

"நல்லா யோசிச்சுக்குங்கக்கா. பார்த்துக்க ஆள் இருக்கா?"

"எங்க மாப்பிள்ளையே மெக்கானிக்தான்."

"அப்ப சரி. மெக்கானிக் வீட்டுக்குப் போகுதுன்னா எனக்கும் நிம்மதி."

மாப்பிள்ளை மெக்கானிக் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. ஏசி மெக்கானிக். வேனில் ஏணியையும் கேஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சில்லென்று காற்று வரவழைக்கிறவர். அவரும் அந்தச் சமயம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாரே தவிர, நான் கார் மெக்கானிக் இல்லை என்று வாயைத் திறக்கவில்லை.

"ஓடாத வண்டின்னா சும்மா இல்ல. டயர்கூடத் தேய்ஞ்சிருக்காது" என்றார் போனை வைத்ததும். எனக்கும் அப்போது மனது இறங்கி வந்துவிட்டது. அக்கா அதுவரை சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் வழித்துத் துடைத்து அன்றைக்கே அனுப்பினாள். அப்புறம் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். பால் போடுகிறவரிடம், மளிகைக் கடையில், எதிர் வீட்டு டியூஷன் டீச்சரிடம், எல்லாரிடமும் அதே வார்த்தை, ஓடாத வண்டி, ஓடாத வண்டி. எல்லாரும் பரவாயில்லையே என்று வாயைப் பிளந்தார்கள்.

"ஓடிப்போறதை ஒரு தடவை பார்த்தாச்சு" என்றாள் என்னிடம். "இதாவது ஓடாதது."

இத்தனை வருஷத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவள் வாயால் வந்த முதல் கிண்டல் அது. எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே சிரித்தாள், அப்புறம் நானும் சிரித்தேன்.

வண்டி வருவதற்குள் அவள் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். வாசலில் கார் நிற்கப்போகிற இடத்தைக் கழுவினாள். என் பூந்தொட்டிகளைப் பக்கத்துச் சுவர் ஓரமாகத் தள்ளினாள், அது சரியில்லை என்று வேறு பக்கம் தள்ளினாள். ஒரு தொட்டி உடைந்தது. பிறகு ஒரு கட்டுத் துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, சீட்டுக்கு உறை தைக்கச் சொன்னாள்.

"அளவு?"

"காருக்கு என்ன அளவு? எல்லாரும் உட்கார்ற அளவுதான்."

"அக்கா, அளவு இல்லாம நான் தலகாணி உறைகூடத் தைக்க மாட்டேன்."

"பார்க்காம நான் காரே வாங்கிட்டேன். நீ ஒரு உறை தைக்க மாட்டியா?"

அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பார்கள். இவள் அவசரத்தில் என் கையையும் சேர்த்து நுழைக்கிறாள். படத்தில் தெரிந்த கதவை வைத்து ஒரு குத்துமதிப்பாக வெட்டித் தைத்தேன். தொழிலில் நான் செய்த முதல் அயோக்கியத்தனம்.

லாரி வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டும், வரவில்லை. திங்கட்கிழமை மாதம் பிறக்கிறது. லாரிக்காரர் போனை எடுக்கவில்லை. அக்கா வேலை முடிந்து வந்ததும் தெருமுனைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பெரிய வண்டிச் சத்தம் எது கேட்டாலும் வாசலுக்குப் போனாள். ஒரு தடவை அது குப்பை லாரி. இன்னொரு தடவை தண்ணீர் லாரி. அவள் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பொறுமை போனது. "வந்தா இங்கதானே வரும், கொஞ்சம் உட்காரேன்" என்று கத்தினேன். "உட்கார்றதுக்கா இவ்வளவு பாடுபடறேன்?" என்று திருப்பிக் கத்தினாள்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தது. கார் என்னவோ அழகுதான். ஒரு கீறல் இல்லை. தூசிக்கு அடியில் பெயின்ட் பளபளத்தது. சீட்டில் கடைக்காரர் போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்காமல் இருந்தது. லாரிக்காரரும் கூட வந்த ஆளும் பலகையைச் சாய்த்து, கயிற்றைக் கட்டி, ஒருவர் பிடிக்க ஒருவர் தள்ள, பதமாக இறக்கினார்கள்.

"ஏன் தள்றாங்க?" என்றேன்.

"ஸ்டார்ட் பண்ணா டீசல் செலவாகுமில்ல, மிச்சம் பிடிக்கிறாங்க" என்றார் என் வீட்டுக்காரர். மெக்கானிக் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே.

லாரி போனதும் அக்கா உள்ளே ஏறினாள். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைப் போட்டுத் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி திருப்பினாள். ஒரு இருமல், ஒரு முனகல், எதுவுமே இல்லை. தெருவில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து, ஏசிக்குள் பார்ப்பது போலவே உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் இல்லையோ?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்தப் பானெட்டுக்குள்ளேயே வைத்து மூடியிருப்பேன்.

அக்கா இறங்கிப் போனைப் போட்டாள். "தம்பி, வண்டி ஓடலையேப்பா."

"ஆமாக்கா" என்றார் அவர்.

"என்ன ஆமாங்கறே?"

"நான்தான் சொன்னேனேக்கா, இது ஓடாத வண்டின்னு."

அவள் அப்படியே நின்றாள். நானும் நின்றேன். அன்றைக்குக் கேட்ட அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை. ஓடாத வண்டி என்றால் அதிகம் ஓடாத, தேயாத வண்டி என்று நாங்கள் ஆறு காதால் கேட்டோம். ஓடவே ஓடாத வண்டி என்று அவர் ஒரு வாயால் சொல்லியிருக்கிறார். சண்டை போடலாம் என்று நான் போனைப் பிடுங்கினேன். ஆனால் அந்த மனுஷன் என்னைவிடப் பதறிப்போயிருந்தார். "ஐயோ, அக்கா உடனே ஓட்டறதுக்கா கேட்டாங்க? வீட்ல மெக்கானிக் இருக்காரு, சரி பண்ணி எடுத்துப்பாங்கன்னுல்ல நெனச்சேன். திருப்பி அனுப்பிடுங்க. பணம் முழுசா தந்துடறேன். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்." இப்படிப் பேசுகிறவரை எப்படித் திட்டுவது? வாய் வரை வந்ததை விழுங்க வேண்டியதாயிற்று. ஒரு அயோக்கியனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

பணம் திரும்பி வரும், சரி. திங்கட்கிழமை திரும்பி வருமா?

சாயங்காலம் நிஜமான கார் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் உள்ளே குனிந்து, கீழே படுத்து, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல வண்டிம்மா. இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா நின்னே கெட்டுப்போயிருக்கு. எலி வயரையெல்லாம் கடிச்சுக் குதறியிருக்கு, ரப்பர் எல்லாம் இறுகிப்போச்சு. சாமான் வெளியூர்லேருந்து வரணும். மூணு வாரம் ஆகும். ஆனா ஓடும். ஓட ஆரம்பிச்சா நிக்காது" என்றார்.

"நின்னே கெட்டுப்போச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"வண்டின்னா ஓடணும்மா. நிறுத்தி வச்சா இதான் கதி."

அக்கா பானெட்டை மெதுவாக மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பயந்தே போனேன். காலையில் எழுந்து பார்த்தால் தலைக்கு மேலே காலடிச் சத்தம் இல்லை. மாடியில் ஆள் இல்லை. அவள் வாசலில், காருக்குள், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ கொண்டுபோனேன், வாங்கிக் குடித்தாள், உட்கார்ந்தபடியே. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பம்பரம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

"நாளைக்குப் போனை எடுத்து ஹலோ சொல்லப் போறேன்" என்றாள்.

"மூணு வாரம்தானே. அப்புறம் சுத்துக்குக் கேட்டு வாங்கிக்கலாம்."

"ஒரு தடவை சீட்டுல உட்கார்ந்தா அப்புறம் எழுப்ப மாட்டாங்கடி. அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டுடுவாங்க." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்கு."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"அவரு, இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனாரில்ல. அன்னிக்கு நான் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும். அப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. உட்கார்ந்தா கண்ணு தானா வாசலுக்குப் போகுது. எழுந்து நடந்தா போகலை. அதான் எழுந்தேன். எழுந்தவதான், இன்னும் உட்காரலை." ஸ்டியரிங்கைத் தடவினாள். "போன் வேலைக்கு எனக்குக் குடுத்திருக்கிற நாற்காலி எங்க இருக்கு தெரியுமா? வாசலுக்கு நேரா."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததும் கோபமும் வந்தது. ஓடிப்போனவன் மேல், மேடம் மேல், எங்கேயோ ஒரு ஷெட்டில் வயரைத் தின்று கொழுத்த அந்த எலி மேல், எல்லார் மேலும். இருபது வருஷமாக என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது இதுவா? அவளுக்குக் காலில் சக்கரம் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "சீட் உறையைப் போட்டுப் பார்க்கலாமா?" என்றேன். போட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் தொங்கியது, ஒரு பக்கம் ஏறவே இல்லை. அவள் சிரித்துவிட்டாள். "அளவு எடுக்காம தச்சா இப்படித்தான்" என்றாள், என்னமோ தவறு முழுக்க என்னுடையது போல.

திங்கட்கிழமை காலை அவள் குளித்துத் தலை சீவி, அலுவலகத்துக்குப் போகத் தயாராகி, ஆனால் பழக்கத்தில் சுற்றுக்குப் போகிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறையில் நின்றிருந்தாள். போன் அடித்தது. மேடம். ஸ்பீக்கரில் போட்டாள். கை அதுவாகவே போட்டது, பழகிப்போயிருந்தது.

"என்னம்மா, வண்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மேடம். வாசல்ல நிக்குது."

"பார்க்காமலே வாங்கறேன்னியே, எனக்கே பக்கு பக்குன்னு இருந்துச்சு. எப்படி இருக்கு, நல்ல வண்டிதானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. இவளுக்குப் பொய் வராது. பொய் சொல்லவும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"ஓடாத வண்டி மேடம்."

"அட" என்றார் மேடம். "பரவாயில்லையே. உனக்கு அதிர்ஷ்டம்தான் போ. சரி சரி, கால்புண்காரர் காலையிலேருந்து ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். முதல்ல அங்க போய்ட்டு, அப்புறம் மத்த வீடுங்களைப் பாரு. பார்த்து மெதுவா ஓட்டு."

போன் வைக்கப்பட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் பொய் சொல்லலையேடி" என்றாள் அக்கா.

"இல்லை."

"இருக்கிறதை இருக்கிற மாதிரிதானே சொன்னேன்?"

"அப்படியேதான் சொன்னே. ஒரு எழுத்து மாறலை."

அதற்கப்புறம் அவள் அங்கே இல்லை. வாசல் கேட் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது. காரைத் தாண்டும்போது அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் உள்ளே திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். அவர் வேன் சாவியை எடுத்தார். தெருமுனையில் வேன் நின்றதும், அவர் எட்டிக் கதவைத் திறந்துவிட்டதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. "ஏறுங்கக்கா. மெக்கானிக்னு பேர் வாங்கிக் குடுத்தீங்க, மூணு வாரத்துக்கு இதையாவது செய்யறேன்" என்று சொன்னாராம். அவர் பின்னால் சாய்ந்து ஏணியை நகர்த்தி இடம் கொடுப்பதற்குள் அவள் ஏறிவிட்டாள். ஏணியும் சிலிண்டருமாக வேன் திரும்பி மறைந்தது.

வீடு அமைதியாகிவிட்டது. வாசலில் சாம்பல் நிறக் கார், அளவு சரியில்லாத உறையோடு நின்றுகொண்டிருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்து நூலைக் கோத்து, பேன்ட்டை மடியில் போட்டுக்கொண்டேன். இப்போது கால்புண்காரர் வீட்டை அடைந்திருப்பாளா, யாராவது கார் எங்கே என்று கேட்டிருப்பார்களா, மாட்டிக்கொண்டால் என்ன செய்வாள் என்று மனது அடித்துக்கொண்டது. பத்துத் தையல்கூடப் போட்டிருக்க மாட்டேன். தலையை நிமிர்த்தினால் கண் வாசலில் இருந்தது. துணியைப் பார்த்தேன், மறுபடியும் வாசலுக்குப் போனது. நான் பேன்ட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடக்க ஆரம்பித்தேன்.